ஆய்வேட்டின் ஓர் இயல் எப்போது ஆய்விதழ்க் கட்டுரையாகும்?

இறையியலில் முதுநிலைப் படிப்பை முடித்திருக்கிறீர்கள். ‘இரண்டாம் வத்திக்கான் சங்கத்தின் பார்வையில் பிற சமயத்தாரின் மீட்பு’ என்ற உங்கள் ஆய்வேட்டின் ஓர் இயலைக் கத்தோலிக்க இறையியல் ஆய்விதழ் ஒன்றுக்கு அனுப்ப எண்ணுகிறீர்கள். அடிக்குறிப்புகளை எந்த முறையில் அமைப்பது, ஆயரிடம் முன்னனுமதி வாங்க வேண்டுமா, மீட்பில் கிறிஸ்துவுக்கும் திருச்சபைக்கும் உள்ள தனித்தன்மையை வலியுறுத்தித் திருப்பீடத்திலிருந்து 2000ஆம் ஆண்டில் வெளியான ‘தோமினுஸ் யேசுஸ்’ ஏட்டின் வாதம் ஒன்றைக் குறை சொல்லி எழுதினால் கட்டுரையைத் திருப்பி அனுப்பிவிடுவார்களா என்று மூன்று கேள்விகள் கேட்டிருக்கிறீர்கள். மூன்றுக்கும் விடை உண்டு. ஆனால் நீங்கள் நேராகக் கேட்காத நான்காவது கேள்வி ஒன்று அவற்றுக்கு அடியில் இருப்பதாக எனக்குப் படுகிறது. பேராசிரியரிடம் நல்ல மதிப்பெண் வாங்கிய எழுத்து, முகம் தெரியாத ஒரு மதிப்பீட்டாளரின் முன் நிற்குமா, நிற்க வேண்டுமானால் அதில் என்ன மாற வேண்டும் என்பதே அந்தக் கேள்வி. அதை முதலில் எடுத்துக்கொள்கிறேன்.

நான் படித்தது கோட்பாட்டு வரலாறு. பல ஆண்டுகளாக இறையியல் இதழ்களுக்கு மதிப்பீட்டாளராக இருந்து வருகிறேன்; இடையில் சில ஆண்டுகள் ஓர் இதழின் ஆசிரியர் குழுவிலும் இருந்தேன். ஆகவே ஆவணங்கள், பதிப்புகள், அவற்றை எடுத்தாளும் முறை ஆகியவை பற்றி நான் சொல்பவற்றை நீங்களே சரிபார்த்துக்கொள்ளலாம். மதிப்பீட்டாளர்கள் எதை ஏற்பார்கள், எதைத் தள்ளுவார்கள் என்று சொல்பவை மட்டும் என் மேசைக்கு வந்த கட்டுரைகளிலிருந்து நான் கற்றவை. வேறொருவரின் அனுபவம் வேறாக இருக்கலாம். நான் விவிலிய ஆய்வாளனும் அல்லன், திருச்சபைச் சட்ட வல்லுநனும் அல்லன் என்பதையும் மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள்.

ஆய்வேடு ஒன்றின் நோக்கம், நீங்கள் படிக்க வேண்டியதைப் படித்திருக்கிறீர்கள் என்று காட்டுவது. ஆய்விதழ்க் கட்டுரையின் நோக்கம் அதுவன்று. துறையில் உள்ளவர்கள் இதுவரை ஒருவிதமாகப் படித்துவந்த ஒன்றை, இனி வேறுவிதமாகப் படிக்க வேண்டும் என்று காட்டுவதே அதன் நோக்கம். இந்த வேறுபாடு புரியாமல் வருகின்ற கட்டுரைகளைப் பார்த்தவுடனே அடையாளம் கண்டுவிடலாம்: முதல் எட்டுப் பக்கங்கள் தொடக்கத் திருச்சபையிலிருந்து, 1962 முதல் 1965 வரை உலக ஆயர்கள் கூடிய இரண்டாம் வத்திக்கான் சங்கம் வரையிலான வரலாற்றைச் சுருக்கிச் சொல்லும், அடுத்த ஆறு பக்கங்கள் இருபதாம் நூற்றாண்டு இறையியலாளர்களை, ரானர் இப்படிச் சொன்னார், பல்தாசர் அப்படிச் சொன்னார் என்று வரிசையாக அடுக்கும், கடைசி இரண்டு பக்கங்களில் ஆசிரியரின் குரல் முதன்முறையாகக் கேட்கும், அதுவும் ‘ஆகவே உரையாடல் தேவை’ என்ற அளவில். உரையாடல் தேவையில்லை என்று யாரும் சொல்லவில்லையே!

உங்கள் பொருளிலேயே ஓர் எடுத்துக்காட்டுக் காட்டுகிறேன். ‘பிற சமயத்தாரின் மீட்பு பற்றிச் சங்கம் என்ன சொல்கிறது’ என்பது கட்டுரைக்கான கேள்வி அன்று. அது ஒரு பாடத்தின் தலைப்பு. அதை ஒரு படி இறக்கினால், 1964 நவம்பர் 21 அன்று வெளியான ‘லூமன் ஜென்சியும்’ என்னும் திருச்சபை பற்றிய சங்க ஏட்டின் 16ஆம் எண்ணுக்கு, அதாவது 16ஆம் பத்திக்கு, வந்து சேரலாம். இன்னும் இறக்குங்கள்: அந்த எண்ணில், கடவுளைத் தம் குற்றமின்றி இன்னும் வெளிப்படையாக அறிந்துகொள்ளாதவர்களிடம் காணப்படும் நன்மையும் உண்மையும் எதுவாயினும் அதனைத் திருச்சபை ‘நற்செய்திக்கான முன்னேற்பாடு’ என மதிக்கிறது என்று ஒரு வாக்கியம் வருகிறது. அந்த வாக்கியத்துக்கு ஓர் அடிக்குறிப்பு உண்டு. அது நான்காம் நூற்றாண்டு ஆயரான செசரியா நகர் யூசேபியு எழுதிய, அதே தலைப்பைக் கொண்ட நூலைச் சுட்டுகிறது. இப்போது உண்மையான கேள்வி ஒன்று கிடைக்கிறது. பதினைந்து பகுதிகள் கொண்ட அந்த நூலில் யூசேபியு பெரும்பாலும் கிரேக்கச் சமயத்தை மறுக்கிறார். எபிரேயரின் ஞானமே மூத்தது, பிளேட்டோ மோசேயிடமிருந்து எடுத்துக்கொண்டார் என்றும் வாதிடுகிறார். அங்கே ‘முன்னேற்பாடு’ என்பது, புறச் சமயத்திலிருந்து வரும் வாசகரை நற்செய்திக்கு ஆயத்தப்படுத்தும் அறிமுகம் என்ற பொருளில்தான் முதன்மையாக நிற்கிறது என்பது என் வாசிப்பு. அப்படியானால் சங்கம் அந்தச் சொல்லை எடுத்தபோது அதன் பொருளையும் எடுத்ததா, அல்லது பழைய சொல்லுக்குப் புதிய பொருளை ஊட்டியதா? அத்துடன், அந்த இலத்தீன் வாக்கியம் பேசுவது மனிதர்களைப் பற்றியா, சமயங்களைப் பற்றியா? ‘அவர்களிடம்’ என்ற அதன் சொல் சற்று முன் சொன்ன மனிதர்களைத்தான் சுட்டுகிறது. எனவே இந்த ஒரு வாக்கியத்தை மட்டும் வைத்துக்கொண்டு, பிற சமயங்கள் சமயங்கள் என்ற நிலையிலேயே முன்னேற்பாடு என்று சங்கம் சொல்லிவிட்டதாக எழுதுபவர்களின் வாதம் எவ்வளவு தூரம் தாங்கும் என்று கேட்கலாம். ஒரு சொல், ஓர் அடிக்குறிப்பு, இரண்டு ஏடுகள்: இருபது பக்கக் கட்டுரைக்கு இவ்வளவு போதும். உங்கள் தொண்ணூறு பக்க ஆய்வேட்டில் இது ஒரு பத்தியாக மட்டும் வந்திருந்தாலும், அந்தப் பத்திதான் கட்டுரை.

நான்காவது கேள்விக்கான என் விடையின் மையத்துக்கு இது கொண்டுவருகிறது. இறையியல் கட்டுரை ஒவ்வொன்றும் சாட்சிகளை அழைத்து நிறுத்துகிறது: திருவிவிலியம், திருச்சபைத் தந்தையர் எனப்படும் தொடக்க நூற்றாண்டுகளின் ஆசிரியர்கள், பொதுச்சங்கங்கள், திருத்தந்தையரின் ஏடுகள், இறையியலாளர்கள். கத்தோலிக்க இறையியலின் தனித்தன்மை என்னவென்றால், இந்தச் சாட்சிகளுக்குச் சமமான கனம் கிடையாது. அவற்றின் கனம் எவ்வளவு என்பதும் இறையியலின் பகுதியாகவே ஆராயப்படுகிறது. நல்ல கட்டுரை, ஒவ்வொரு சாட்சியின் மீதும் அது தாங்கக்கூடிய பாரத்தை மட்டும் ஏற்றுகிறது. நான் திருப்பி அனுப்பப் பரிந்துரைத்த கட்டுரைகளில் பெரும்பாலானவை தவறான கொள்கையால் விழவில்லை. மெலிந்த சாட்சியின் தோளில் பெரிய முடிவை ஏற்றியதால்தான் விழுந்தன.

உங்கள் பொருளிலேயே இதற்கு நல்ல சான்று இருக்கிறது. ‘திருச்சபைக்கு வெளியே மீட்பு இல்லை’ என்ற வாக்கியத்தைப் புனித சிப்பிரியான் சொன்னதாக எழுதுவது வழக்கம். அவருடைய 73ஆம் மடலில் ஏறத்தாழ அந்தச் சொற்கள் உள்ளன என்பது உறுதி. ஆனால் மூன்றாம் நூற்றாண்டின் நடுவில் எழுதப்பட்ட அந்த மடல், திருச்சபையை விட்டுப் பிரிந்த குழுக்கள் கொடுக்கும் திருமுழுக்குச் செல்லுமா என்ற சண்டையில் எழுதப்பட்டது. நற்செய்தியைக் கேள்விப்படாத மக்களைப் பற்றி அங்கே பேச்சே இல்லை. அடுத்து, 1442ஆம் ஆண்டின் புளோரன்ஸ் சங்க ஆணையைக் காட்டுவார்கள். அதன் கடுமையான வாசகம் புறச் சமயத்தாரையும் யூதரையும் பெயர் சொல்லியே உள்ளடக்குகிறது என்பதும் உறுதி. ஆனால் அந்த வாசகம் ஆறாம் நூற்றாண்டின் ருஸ்பே நகர் புல்ஜென்சியு எழுதிய நூலிலிருந்து எடுக்கப்பட்டது. அந்த நூலோ நீண்ட காலம் புனித அகுஸ்தினின் பெயரில் உலவியது. மூன்றாவதாக, 1949 ஆகஸ்ட் 8 அன்று, கோட்பாட்டைக் கண்காணித்த திருப்பீடத் துறையாகிய திருப்பணியகம் பாஸ்டன் பேராயருக்கு எழுதிய மடல். திருச்சபையைச் சேர வேண்டும் என்ற உள்ளார்ந்த விருப்பமும் மீட்புக்கு வழியாகலாம் என்று விளக்குகிற இந்த மடல், திருப்பீடத்தின் அதிகாரப்பூர்வ ஏடாகிய ‘ஆக்தா அப்போஸ்தோலிக்கே சேதிஸ்’ இதழில் வெளியிடப்படவில்லை. அதன் முழு வாசகம் பொதுவெளிக்கு வந்தது 1952இல். அந்தக் குறையைக் காட்டி அதைத் தள்ளிவிடுபவர்கள் இருக்கிறார்கள். ஆனால் லூமன் ஜென்சியும் 16ஆம் எண், முன் சொன்ன யூசேபியு குறிப்புக்கு ஒரு குறிப்பு முன்னதாக, இந்த மடலைத்தான் சான்று காட்டுகிறது. இந்த நான்கு ஏடுகளையும் ‘திருச்சபை தொடர்ந்து கற்பித்து வந்துள்ளது’ என்ற ஒரே வாக்கியத்துக்குள் திணித்து, ஒரே அடிக்குறிப்பில் வரிசையாக எழுதிவிட்டால், கட்டுரையில் மிகச் சுவையான பகுதி எதுவோ அதைத் தூக்கி எறிந்துவிடுகிறீர்கள்.

சமகால ஏடுகளிலும் இதே கவனம் வேண்டும். திருச்சபைச் சட்டத்தொகுப்பின் 750ஆம், 752ஆம் விதிகளும், திருப்பணியகத்தின் வழிவந்த துறையாகிய விசுவாசக் கோட்பாட்டுப் பேராயம் 1990 மே 24 தேதியிட்டு வெளியிட்ட ‘தோனும் வெரித்தாத்திஸ்’ என்னும் அறிவுறுத்தலும் போதனையின் படிநிலைகளைக் காட்டுகின்றன: கடவுளால் வெளிப்படுத்தப்பட்டதாக அறிவிக்கப்பட்டவை, அவற்றோடு பிரிக்க முடியாதவாறு இணைந்து இறுதியாகக் கற்பிக்கப்படுபவை, இறுதித் தீர்ப்பாக அல்லாமல் அதிகாரத்தோடு கற்பிக்கப்படுபவை, இவற்றோடு அந்தந்தக் காலச் சூழலை ஒட்டிய விவேகத் தலையீடுகள். இந்தப் படிநிலைகள் இருப்பதில் ஐயமில்லை. குறிப்பிட்ட ஒரு போதனை எந்தப் படியில் நிற்கிறது என்பதில்தான் பல இடங்களில் இறையியலாளர்களிடையே விவாதம் நடக்கிறது. அங்கே ‘இது விவாதத்துக்குரியது, இன்னின்ன காரணத்தால் நான் இந்தப் பக்கம் நிற்கிறேன்’ என்று எழுதுவது கட்டுரைக்குப் பலவீனமாகாது, பலமாகவே இருக்கும். கத்தோலிக்கத் திருச்சபையின் மறைக்கல்வி ஏட்டைக் கையாளும்போதும் இதை மறந்துவிடாதீர்கள். அந்த ஏட்டில் இடம்பெற்றதால் ஒரு போதனைக்கு ஏற்கெனவே உள்ள கனத்தைவிடக் கூடுதல் கனம் வந்துவிடுவதில்லை என்று, அதன் உருவாக்கத்துக்குத் தலைமை தாங்கிய கர்தினால் ராட்சிங்கரே விளக்கியிருக்கிறார். மேலும் அதன் வாசகமும் மாறியிருக்கிறது: மரண தண்டனை பற்றிய 2267ஆம் எண் 1992 பதிப்பில் ஒரு விதம், 1997 இலத்தீன் பதிப்பில் வேறொரு விதம், 2018 ஆகஸ்டில் திருத்தப்பட்ட பின் மற்றொரு விதம். எண்ணை மட்டும் கொடுத்துப் பதிப்பைச் சொல்லாமல் விட்டால் வாசகர் எந்த வாசகத்தைத் திறந்து பார்ப்பார்?

மொழிபெயர்ப்பைப் பற்றியும் சொல்லியாக வேண்டும், ஏனெனில் நம்மில் பலர் சங்க ஏடுகளைத் தமிழிலோ ஆங்கிலத்திலோ படித்தே வளர்ந்தவர்கள். பொதுவான குறிப்புக்கு மொழிபெயர்ப்பு போதும். வாதம் ஒரு சொல்லின் மேல் நிற்குமானால் இலத்தீன் மூலத்தைத் திறக்காமல் இருக்க முடியாது. லூமன் ஜென்சியும் 8ஆம் எண்ணில், கிறிஸ்துவின் திருச்சபை கத்தோலிக்கத் திருச்சபையில் ‘சுப்சிஸ்தித்’, அதாவது ‘நிலைத்திருக்கிறது’, என்று வருகிறது. முந்தைய வரைவில் அந்த இடத்தில் இருந்தது ‘எஸ்த்’, அதாவது ‘ஆகும்’ என்ற சாதாரணச் சொல். அந்த மாற்றத்தின் பொருள் பற்றி அரை நூற்றாண்டுக்கும் மேலாக எழுதிக்கொண்டிருக்கிறார்கள்; 2007இல் விசுவாசக் கோட்பாட்டுப் பேராயமே அதைப் பற்றி விளக்கம் தந்தது. அதேபோல 25ஆம் எண்ணில் வரும் ‘ஒப்செக்வியும்’ என்ற சொல்லைப் ‘பணிவு’ என்று மொழிபெயர்த்தால் ஒரு இறையியலும், ‘மதிப்பு’ என்று மொழிபெயர்த்தால் வேறொரு இறையியலும் பிறக்கிறது. இலத்தீனில் புலமை இல்லை என்றால் வெட்கப்பட வேண்டாம். அந்த ஒரு வாக்கியத்தை மட்டும் தெரிந்தவர் ஒருவரோடு உட்கார்ந்து பிரித்துப் பாருங்கள். மொழிபெயர்ப்பு யாருடையது என்பதை அடிக்குறிப்பில் சொல்லுங்கள்.

என் சொந்த அவமானம் ஒன்றையும் சொல்லிவிடுகிறேன். நான் அனுப்பிய முதல் கட்டுரை இப்படித் தொடங்கியது: “‘அவசியமானவற்றில் ஒற்றுமை, ஐயமானவற்றில் விடுதலை, அனைத்திலும் அன்பு’ என்றார் புனித அகுஸ்தின்.” அடிக்குறிப்பில், அந்த மேற்கோளை நான் எடுத்த ஒரு பாடநூலின் பெயரைக் கொடுத்திருந்தேன். மதிப்பீட்டாளர் அந்தப் பக்கத்தின் ஓரத்தில் இரண்டே சொல் எழுதியிருந்தார்: “அகுஸ்தின் எங்கே?” ஒரு வாரம் தேடினேன். அவருடைய எழுத்துகளில் அது இல்லை. பதினேழாம் நூற்றாண்டில் புழக்கத்துக்கு வந்த வாக்கியம் அது. இருபத்துமூன்றாம் யோவான் 1959இல் தம் முதல் சுற்றுமடலில் அதை எடுத்தாண்டபோது, பலவாறு சொல்லப்பட்டுப் பலர் மீது ஏற்றப்படுகிற பழமொழி என்றே கவனமாகக் குறிப்பிட்டிருக்கிறார். இன்றைய உலகில் திருச்சபை பற்றிய ‘கௌதியும் எத் ஸ்பெஸ்’ என்னும் சங்க ஏட்டின் 92ஆம் எண்ணில் அந்தக் கருத்து வரும்போது அடிக்குறிப்பு அவருடைய சுற்றுமடலைச் சுட்டுகிறது, அகுஸ்தினை அன்று. நான் வேண்டிய சாட்சி சங்க ஏட்டிலேயே இருந்தது. இல்லாத சாட்சியை அழைத்துக் கட்டுரையைக் கெடுத்துக்கொண்டேன். இப்படிப்பட்டவை வேறும் உண்டு. ‘ரோமை பேசியது, வழக்கு முடிந்தது’ என்று அகுஸ்தின் சொன்னதாக எழுதுவார்கள். 131ஆம் மறையுரையில் அவர் சொன்னது, இரண்டு சங்கங்களின் முடிவுகள் திருத்தூதுப் பீடத்துக்கு அனுப்பப்பட்டன, அங்கிருந்து பதில்களும் வந்துவிட்டன, வழக்கு முடிந்தது என்பது. ‘செபத்தின் சட்டமே விசுவாசத்தின் சட்டம்’ என்ற சுருக்க வடிவமும் அப்படியே. அக்குவித்தான் நகர் புரோஸ்பரின் மூல வாக்கியம் அதைவிட நீளமானது, நுட்பமானது.

தந்தையரை எடுத்தாளும்போது மீஞ் பதிப்பித்த தொகுதிகளைப் பலர் இன்றும் பயன்படுத்துகிறார்கள். இலத்தீனில் 221 தொகுதிகள், கிரேக்கத்தில் 161. எளிதில் கிடைப்பவை, விரிவானவை, ஆனால் பத்தொன்பதாம் நூற்றாண்டுப் பதிப்புகள். அவற்றில் யார் பெயரிலோ அச்சான நூல் வேறு யாருடையதாகவோ இருக்கலாம்: புனித அம்புரோசின் தொகுதி ஒன்றில் உள்ள பவுல் மடல்களின் விளக்கவுரை அவருடையதன்று, அதன் ஆசிரியரை இன்று ‘அம்புரோசியாஸ்தர்’ என்ற புனைபெயரால்தான் அழைக்கிறோம். ஆகவே 1940களில் தொடங்கிய ‘சூர்ஸ் கிரெத்தியேன்’ வரிசையிலோ ‘கோர்புஸ் கிறிஸ்தியானோரும்’ வரிசையிலோ திறனாய்வுப் பதிப்பு இருந்தால் அதையே சுட்டுங்கள். மீஞ்சைத்தான் சுட்ட வேண்டியிருந்தால், அங்கே எண்ணிடப்பட்டிருப்பது பக்கம் அன்று, பத்தி வரிசை என்பதை நினைவில் கொள்ளுங்கள். ஒரு பக்கத்தில் இரண்டு வரிசைகள் உண்டு.

திருவிவிலியத்தைப் பற்றிக் குறைவாகவே சொல்கிறேன். விவிலிய ஆய்வு பற்றிய பன்னிரண்டாம் பயஸின் 1943 சுற்றுமடலும், இறைவெளிப்பாடு பற்றிய சங்க ஏடாகிய ‘தேயி வெர்பும்’ 12ஆம் எண்ணும் இருக்கும்போது, இலக்கிய வகையையும் சூழலையும் பாராமல் வசனங்களைப் பிடுங்கி வாதத்துக்கு முட்டுக்கொடுப்பதைக் கத்தோலிக்க இதழ் எதுவும் ஏற்காது. நடைமுறையில் அடிக்கடி நேரும் ஒரு பிழையை மட்டும் சொல்கிறேன்: திருப்பாடல்களின் எண். ‘ஆண்டவரே என் ஆயர்’ என்பது எபிரேய எண்ணிக்கையில் 23. எழுபதின்மரின் கிரேக்க மொழிபெயர்ப்பிலும் வுல்காத்தா என்னும் இலத்தீன் மொழிபெயர்ப்பிலும் 22. அகுஸ்தினின் விளக்கவுரையை அவர் எண்ணின்படியும் திருப்பாடலை இன்றைய எண்ணின்படியும் சுட்டிவிட்டு, இரண்டும் வேறு பாடல்கள் என்று நினைத்து வாதத்தை வளர்த்த கட்டுரை ஒன்றை நானே படித்திருக்கிறேன்.

இப்போது அடிக்குறிப்பு முறை. நீங்கள் முதலில் கேட்டது இதுதான்; விடையும் எளிது: இதழ் தன் எழுத்தாளர்களுக்குத் தரும் நெறிமுறை எதுவோ அதுவே சட்டம். இறையியல் இதழ்கள் பல சிகாகோ கையேட்டின் அடிக்குறிப்பு முறையை ஒட்டிச் செல்கின்றன. விவிலியம் சார்ந்தவை விவிலிய இலக்கியக் கழகத்தின் கையேட்டை நாடுகின்றன. எந்த முறையானாலும் மாறாத சில வழக்கங்கள் உண்டு. திருச்சபை ஏடுகளைப் பக்க எண்ணால் அன்றிப் பத்தி எண்ணால் சுட்டுவது வழக்கம். பழைய சுற்றுமடல்களில் அந்த எண்கள் மொழிபெயர்ப்புக்கு மொழிபெயர்ப்பு மாறுவதால், எந்தப் பதிப்பு என்று சொல்லிவிட வேண்டும். புனித தாமஸ் அக்குவினாசின் ‘சும்மா’ நூலைப் பாகம், கேள்வி, பிரிவு, எதிர்வாதத்துக்கான மறுமொழி என்ற வரிசையில் சுட்டுகிறோம். அருள் இயற்கையை அழிப்பதில்லை, நிறைவாக்குகிறது என்ற புகழ்பெற்ற கூற்று முதல் பாகம், கேள்வி 1, பிரிவு 8, இரண்டாம் மறுமொழியில் இருக்கிறது. எதிர்வாதத்தின் வரியைத் தாமசின் கருத்தாக மேற்கோள் காட்டிவிடாதீர்கள். சிரிப்பாக இருக்கிறதா, ஆண்டுக்கு ஒருமுறையாவது எனக்கு அப்படி ஒன்று வருகிறது. திருச்சபையின் கோட்பாட்டு வாசகங்களைத் திரட்டித் தரும், 1854இல் தொடங்கிய தென்சிங்கர் தொகுப்பில் 1963 பதிப்பு எண்களை மாற்றியது: திருத்தந்தையின் தவறா வரம் பற்றிய முதல் வத்திக்கான் சங்க வரையறை பழைய எண்ணில் 1839, புதிய எண்ணில் 3074. லூமன் ஜென்சியும் ஏட்டின் அடிக்குறிப்புகள் இரண்டு எண்களையும் சேர்த்தே தருவது இதனால்தான். பழைய பாடநூலிலிருந்து எண்ணை எடுப்பவர்கள் இங்கேதான் தடுக்கி விழுகிறார்கள்.

குறை சொல்லி எழுதலாமா என்ற கேள்விக்கு வருகிறேன். திருச்சபைச் சட்டத்தின் 218ஆம் விதி, இறையியல் துறைகளில் ஈடுபடுவோருக்கு ஆராயவும், தாம் வல்லமை பெற்றவற்றில் விவேகத்தோடு கருத்துத் தெரிவிக்கவும் நேரிய உரிமை உண்டு என்கிறது. அதே வாக்கியத்தில் திருச்சபையின் ஆசிரியத்துக்கு, அதாவது அதன் போதிக்கும் அதிகாரத்துக்கு, உரிய பணிவையும் சேர்த்தே சொல்கிறது. இரண்டில் ஒன்றை மட்டும் படிப்பவர்களின் கட்டுரைகள் இரண்டு விதமாகக் கெடுகின்றன: ஒன்று துதிபாடல், மற்றது துண்டறிக்கை. நீங்கள் எடுத்துக்கொண்ட தோமினுஸ் யேசுஸ், திருத்தந்தை இரண்டாம் யோவான் பவுல் தம் திருத்தூது அதிகாரத்தோடு உறுதிசெய்த ஏடு. அதை ஒரு துறையின் சாதாரண அறிக்கைபோல நடத்தினால் மதிப்பீட்டாளர் உடனே பேனாவை எடுப்பார். அதேவேளையில், மேற்கொண்டு ஆராய வேண்டிய கேள்விகள் திறந்தே இருக்கின்றன என்று அந்த ஏடே 3ஆம் எண்ணில் சொல்கிறது. ஆகவே ‘இந்த ஏடு பின்னோக்கிச் செல்கிறது’ என்று எழுதினால் அது வெறும் மனநிலை. ‘7ஆம் எண்ணில் விசுவாசத்துக்கும் பிற சமயங்களின் நம்பிக்கைக்கும் இடையே இந்த ஏடு காட்டும் வேறுபாடு, லூமன் ஜென்சியும் 16ஆம் எண் அருளின் செயல்பாடு பற்றிச் சொல்வதோடு எப்படிப் பொருந்துகிறது என்பது விளக்கப்படாமல் நிற்கிறது’ என்று எழுதினால் அது வாதம். அதை ஏற்காதவரும் அச்சிட ஒப்புவார். இந்தத் துறையில் எழுதுபவர், பிற சமயங்கள் பற்றிய இறையியலாளர் ஜாக் துப்புயியின் 1997 நூலையும் அது குறித்துப் பேராயம் 2001இல் வெளியிட்ட அறிவிப்பையும் தெரியாதவர்போல் கடந்துபோகவும் முடியாது.

இதழ்களுக்கும் தனித்தனிக் குணம் உண்டு. 1965இல் தொடங்கிய ‘கொன்சீலியும்’, 1972இல் தொடங்கிய ‘கொம்யூனியோ’ இரண்டும் சங்கக் கால இறையியலாளர்களின் கைகளிலிருந்தே பிறந்தவை. ராட்சிங்கர் முதலாவதில் பங்கேற்றுப் பின்னர் இரண்டாவதைத் தொடங்கியவர்களில் ஒருவரானார். இரண்டையும் அடுத்தடுத்துப் படித்தால், ஒரே பொருள் எப்படி வேறு வேறு அக்கறையோடு எழுப்பப்படுகிறது என்று தெரியும். நீங்கள் தேர்ந்தெடுக்கும் இதழின் கடந்த இரண்டு ஆண்டு வெளியீடுகளைப் படித்த பிறகே அனுப்புங்கள். ஒரே நேரத்தில் இரண்டு இதழ்களுக்கு அனுப்பாதீர்கள். மதிப்பீட்டாளர் வட்டம் சிறியது, இரண்டு இதழ்களிலிருந்தும் ஒரே கட்டுரை ஒரே ஆளிடம் வந்து சேர்வது நடக்கக்கூடியதே. எழுதியவர் யார் என்று மதிப்பீட்டாளருக்கும், மதிப்பிடுபவர் யார் என்று எழுத்தாளருக்கும் தெரியாத முறையைப் பின்பற்றும் இதழானால், ‘என் ஆய்வேட்டில் காட்டியதுபோல’ என்ற சொற்களையும், நன்றியுரையையும், கோப்பின் பண்புகளில் பதிந்திருக்கும் உங்கள் பெயரையும் நீக்குங்கள். செயற்கை நுண்ணறிவுக் கருவிகள் தரும் மேற்கோள்களை, மூலநூலைத் திறந்து பார்க்காமல் ஒன்றுகூடச் சேர்க்காதீர்கள். இல்லாத மடல்களுக்கு எண்ணும் பக்கமும் கொடுத்து எழுதும் திறமை அவற்றுக்கு உண்டு, என்னுடைய அகுஸ்தினைவிட நேர்த்தியாக.

முன்னனுமதி பற்றி: எல்லா எழுத்துக்கும் ஆயரின் அச்சிடும் அனுமதி வேண்டும் என்பது பரவலான தவறான எண்ணம். 827ஆம் விதி மறைக்கல்வி நூல்களுக்கும், விவிலியம், இறையியல், திருச்சபைச் சட்டம் போன்றவற்றைக் கற்பிக்கும் பாடநூல்களுக்கும் ஒப்புதல் கேட்கிறது. அத்துறைகளில் பாடநூலாகப் பயன்படாத நூல்களை ஆயரின் பார்வைக்கு வைப்பதைப் பரிந்துரைக்கிறது, கட்டாயப்படுத்தவில்லை. ஆய்விதழ்க் கட்டுரைக்குத் தனித்தனியாக அப்படி ஒப்புதல் வாங்கும் வழக்கத்தை என் பணிக்காலத்தில் நான் கண்டதில்லை. நீங்கள் துறவற சபை உறுப்பினராக இருந்தால் நிலை வேறு: சமயம், ஒழுக்கம் பற்றிய எழுத்துகளை வெளியிட, தம் சபையின் அமைப்புச் சட்டப்படி உயர்தலைவரின் அனுமதி வேண்டும் என்கிறது 832ஆம் விதி. எந்த எழுத்துக்கு, எந்த வடிவில் என்பது சபைக்குச் சபை மாறும். அதை உங்கள் சபையின் சட்டம் தெரிந்தவரிடம் கேளுங்கள், என்னிடம் அன்று.

கட்டுரை திரும்பி வந்தால் மதிப்பீட்டாளர் குறிப்புகளை முதல் நாளில் படித்துவிட்டு ஒரு வாரம் மூடி வையுங்கள். பிறகு ஒவ்வொரு குறிப்புக்கும் எதிரே, ஏற்றுக்கொண்டால் எந்தப் பக்கத்தில் என்ன மாற்றினீர்கள் என்றும், ஏற்கவில்லை என்றால் ஏன் என்றும் எழுதி ஆசிரியருக்கு அனுப்புங்கள். ஏற்காமல் இருப்பது குற்றமன்று. பதில் சொல்லாமல் விடுவதுதான் எரிச்சலூட்டும். ‘அகுஸ்தின் எங்கே?’ என்று கேட்டவருக்கு நான் எழுதிய பதில் ஒரே வரி: அகுஸ்தின் இல்லை, அந்தப் பத்தி 92ஆம் எண்ணிலிருந்து மீண்டும் எழுதப்பட்டுள்ளது. நீங்கள் தொடங்க வேண்டிய இடம் உங்கள் மூன்றாம் இயலின் முதல் பக்கம் அன்று. லூமன் ஜென்சியும் 16ஆம் எண்ணின் இலத்தீன் வாசகத்தையும் யூசேபியுவின் முதல் பகுதியையும் பக்கத்தில் பக்கத்தில் திறந்து வைத்து, அடிக்குறிப்பு சுட்டும் இடத்தில் அவர் உண்மையில் என்ன எழுதியிருக்கிறார் என்று முதலில் படியுங்கள்.